காற்று நின்ற நேரத்துக்கு ஒரு மோட்டார்

வேப்பந்தட்டை,
9.3.2025

அன்பு மகள் முத்தமிழுக்கு உன் அப்பா செல்லக்கண்ணு எழுதுவது.

இங்கே நானும் மாடும் நலம். போர் மோட்டார் மட்டும் நலமில்லை, அதைப் பிறகு சொல்கிறேன். உன் நலத்தை நீ சொன்னால்தான் தெரியும்.

தினமும் போனில் பேசுகிற ஆள் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் நாம் என்ன பேசுகிறோம் என்று யோசித்துப் பார்த்தேன். “சாப்டியா பாப்பா?” “சாப்டேம்ப்பா.” “அங்க மழயா?” “மழதாம்ப்பா.” இதற்கு மேல் ஒரு வார்த்தை கூடினால் சண்டை வந்துவிடுகிறது. போன மாதம் வீடியோவில் அந்தப் படகைக் காட்டினாய். நான், “அத வித்துப்புட்டு வேற வேலயப் பாரு” என்றேன். நீ வைத்துவிட்டாய். அதிலிருந்து மழையைப் பற்றி மட்டும்தான் பேசுகிறோம். கடிதத்தைப் பாதியில் வைத்துவிட முடியாது. கோபம் வந்தால் மடித்து வைக்கலாம், ஆனால் அப்புறம் எடுத்துப் படித்துத்தான் ஆகவேண்டும். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

கையெழுத்தைப் பொறுத்துக்கொள். எட்டாவதில் நான் பெயிலானபோது வாத்தியார் என் பரீட்சைப் பேப்பரைத் தூக்கிப் பிடித்து, “இத நீ எழுதுனியா, உங்க வூட்டுக் கோழி எழுதுச்சா?” என்று கேட்டார். அந்தக் கோழி இப்போது இல்லை. நானேதான் எழுதுகிறேன்.

படகைத் திட்டுவதற்காக எழுதவில்லை. எனக்குப் புரியவில்லை, அதனால் கேட்கிறேன். பாய்மரப் படகு என்கிறாய். பாய் இருக்கிறது, காற்று இருக்கிறது. அப்புறம் எதற்குப் பின்னால் ஒரு கரண்ட் மோட்டார்? மாட்டு வண்டிக்குப் பின்னால் டிராக்டர் எஞ்சினைக் கட்டின மாதிரி இருக்கிறது. வண்டி ஓடாவிட்டால் மாட்டைத் திட்டுவதா, எஞ்சினைத் திட்டுவதா?

இன்னொன்று. மோட்டார் தண்ணீருக்குள் கிடந்தால் காயில் எரியாதா? நம் போர் மோட்டாரும் தண்ணீருக்குள்தான் கிடக்கிறது, வருஷத்துக்கு இரண்டு தடவை எரிகிறது. இந்த வாரமும் எரிந்தது. அதைத் தூக்கிக்கொண்டு போனபோது, காயில் கட்டுகிற மதுரைவீரனிடம் உன் படகைப் பற்றிச் சொன்னேன். அவன் கைவேலையை நிறுத்தாமல், “மாமா, கடல்ல உப்பு. உப்புத் தண்ணியில மோட்டார எறக்குனா ஊறுகாதான்” என்றான். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

கடைசியாகத்தான் நான் கேட்க வந்தது. நம் ஊருக்கு ரயில் இல்லாததால் அரியலூர் வரைக்கும் பஸ்ஸில் வந்து உன்னை ரயில் ஏற்றினேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “மூணே வருசம்ப்பா, வந்துருவேன்” என்றாய். வருகிற செப்டம்பரோடு மூன்று வருஷம் முடிகிறது. செப்டம்பரில் ஊருக்குத் திரும்புகிறவள் பிப்ரவரியில் படகுக்குப் புது மோட்டார் மாட்டுவாளா? வெங்காயம் பிடுங்குவதற்கு முதல் நாள் யாராவது சொட்டுநீர்க் குழாய் போடுவார்களா?

இதற்குப் பதில் எழுது. குளிரில் காதை மூடிக்கொள்.

உன் அப்பா,
செ. செல்லக்கண்ணு


ஸ்காட்லாந்து,
2.4.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. உறையைத் திறப்பதற்கு முன்பே அழுதுவிட்டேன். திறந்த பிறகு கோழியைப் பார்த்துச் சிரித்தேன்.

மாட்டு வண்டிக் கேள்விக்கு முதலில். கடலில் காற்று நம் ஊர் பஸ் மாதிரி. வரும் என்று நிற்போம், வராது. அப்போது பாய் நனைந்த வேட்டி மாதிரி தொங்கும், படகு நின்ற இடத்திலேயே நிற்கும். கரைக்கு வர ஏதாவது ஒன்று வேண்டும். துறைமுகத்துக்குள் படகுகள் நெருக்கமாக நிற்கிற இடத்திலும் பாயை நம்பி நுழைய முடியாது, யார் மேலாவது போய் இடித்துவிடும். அதற்குத்தான் மோட்டார். மற்ற நேரமெல்லாம் காற்றுதான்.

படகு என்னிடம் வந்தபோது அதில் பழைய பெட்ரோல் எஞ்சின் இருந்தது. கயிற்றைப் பிடித்து இழுத்து இழுத்து என் தோள்பட்டை போனது. பத்துத் தடவை இழுத்தால் ஒரு தடவை இருமும். புகை, நாற்றம். அதைக் கழற்றிவிட்டு இதை மாட்டினேன். பின்பலகையில் தொங்குகிற சின்ன மோட்டார். பேட்டரி உள்ளே, நான் படுக்கிற பலகைக்கு அடியில். மேலே ஒரு சோலார் தகடு. கைப்பிடியைத் திருப்பினால் போகும். காற்று வந்ததும் அணைத்துவிட்டு, மோட்டாரைத் தண்ணீருக்கு மேலே தூக்கி நிறுத்திவிடுவேன். அதனால் ஊறுகாய் ஆகாது என்று மதுரைவீரன் அண்ணனிடம் சொல்லுங்கள்.

சத்தமே இல்லை அப்பா. முதல் நாள் அது ஓடுகிறதா என்று எட்டிப் பார்த்தேன், தண்ணீர் பின்னால் சுழித்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வார்டில் ஒரு ஷிப்ட் முழுக்க மெஷின்கள் மாறி மாறிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். ரூமுக்கு வந்தாலும் காதில் அது நிற்காது. ரூமில் தனியாக இருக்கும்போது யாரோ வரவேண்டியவர் வரவில்லை என்று தோன்றும். படகில் அப்படித் தோன்றுவதில்லை. ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

பாயை நானே ஏற்றுகிறேன், நானே இறக்குகிறேன். மிதவைச் சட்டை போட்டுக்கொள்கிறேன். பயப்படாதீர்கள்.

மூன்றாவது கேள்விக்கு இடம் பத்தவில்லை. அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

உங்கள்,
முத்தமிழ்


வேப்பந்தட்டை,
28.4.2025

அன்பு மகள் முத்தமிழுக்கு அப்பா எழுதுவது. வெயில் தவிர மற்றபடி இங்கே குறை ஒன்றும் இல்லை.

இடம் பத்தவில்லை என்று எழுதியிருந்தாய். தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்கக் காலியாக இருந்தது. சரி, அங்கே தாளுக்குப் பின்பக்கம் எழுதுகிற பழக்கம் இல்லையோ என்னவோ.

உன் மோட்டாருக்குப் பூஜை போட்டுவிட்டேன். நீ போனில் அனுப்பிய படத்தைப் பெரம்பலூரில் ஒரு ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு, வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் கோயிலுக்குப் போனேன். எனக்கு முன்னால் ஒருவர் புது டிராக்டரோடு நின்றார், எனக்குப் பின்னால் புது பைக். நடுவில் நான் ஒரு போட்டோவோடு. பூசாரி வாங்கிப் பார்த்து, “என்னங்க இது, மிக்சியா?” என்றார். மகளின் படகு மோட்டார் என்று சொன்னேன். படகு எங்கே என்றார். ஸ்காட்லாந்து என்றேன். பைக் கொண்டுவந்த பையன் வாயைப் பொத்திக்கொண்டான். பூசாரி நல்ல மனுஷன், சிரிக்காமல் குங்குமம் வைத்துக் கொடுத்தார். எலுமிச்சம்பழத்தில்தான் சிக்கல். டிராக்டர் என்றால் சக்கரத்துக்கு அடியில் வைத்து ஏற்றிவிடலாம். படகுக்குச் சக்கரம் இல்லையே. நாலு பழத்தையும் கையில் கொடுத்து, உங்களுக்குத் தோணுகிற மாதிரி செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். எனக்குத் தோணியது, பழத்தை ஊறுகாய் போட்டுவிட்டேன். மதுரைவீரன் வாக்கு பலித்தது.

படிப்பு இல்லாவிட்டாலும் மோட்டார் விஷயத்தில் எனக்கு முப்பது வருஷ அனுபவம். அதில் ஒன்றைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். கரண்ட் இருக்கிறபோதே இறைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் பார்க்கலாம் என்று பாதியில் விட்டால் த்ரீ பேஸ் போய்விடும், பாத்தி காய்ந்துவிடும். பேட்டரி நிறைய இருக்கும்போதே முழு வேகத்தில் ஓட்டி, போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடு. நடுவழியில் நிற்காதே.

ஸ்டார்ட்டரில் ஆட்டோ சுவிட்ச் போட்டே வைத்திருக்கிறேன். கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓட ஆரம்பிக்கும். தண்ணீர் வழிந்து வரப்பு உடைகிறது என்று பக்கத்துக் காட்டுப் பூங்காவனம் அத்தாச்சி சண்டைக்கு வருகிறது. “ஆளில்லாத காட்டுக்கு எதுக்கு மாமா ஆட்டோ? இருந்த எடத்துலருந்து எந்திரிச்சி வந்து போட முடியாதா?” என்று கேட்டது. முடியும்தான். நான் கை வைக்காமல் காட்டை ஒட்டின இந்த வீட்டில் தானாக ஒரு சத்தம் கிளம்புவது அது ஒன்றுதான். அதை அத்தாச்சியிடம் சொல்ல முடியாது, இடுப்பு வலி என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் தைலம் கொண்டுவந்து கொடுத்துவிட்டது. இப்போது இல்லாத வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் ஒரு கல்யாணத்துக்கு அரியலூர் போனேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்க்கிறவர். கல்லை உடைத்தால் உள்ளே சங்கும் கிளிஞ்சலும் வருகிறதாம், அரியலூர் மொத்தமும் ஒரு காலத்தில் கடலாம். அந்தக் கடல் கொஞ்சம் பொறுத்திருந்தால் நீ இங்கேயே படகு ஓட்டியிருக்கலாம். ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.

பெரம்பலூரில் ஒரு நர்சிங் காலேஜில் சொல்லிவைத்திருக்கிறேன். வெளிநாட்டு அனுபவம் இருந்தால் உடனே எடுத்துக்கொள்வார்களாம். எப்போது வருகிறது என்று கேட்டார்கள். செப்டம்பர் என்று சொல்லிவிட்டேன். சரிதானே?

உன் அப்பா,
செ. செல்லக்கண்ணு

பின்குறிப்பு: தாளின் பின்பக்கம் எழுதலாம், மை ஊறாது.


ஸ்காட்லாந்து,
14.6.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் காரணம் சோம்பல் இல்லை. இதையும் போனில் சொல்ல முடியவில்லை.

போன ஞாயிறு, எதிரே தெரிகிற தீவுக்குப் போய்விட்டுத் திரும்பலாம் என்று கிளம்பினேன். காலையில் காற்றே இல்லை. பேட்டரி முழுசாக இருந்தது. நீங்கள் எழுதியிருந்தபடி முழு வேகத்தில் விட்டேன். நீங்கள் எழுதாவிட்டாலும் அப்படித்தான் செய்திருப்பேன். த்ரீ பேஸ் வந்தால் நீங்கள் ஓடுவீர்கள், அம்மா மண்வெட்டியோடு ஓடும், நான் ஹோம்வொர்க்கைப் போட்டுவிட்டு மடை மாற்ற ஓடுவேன். கரண்டைக் கண்டால் ஓடவேண்டும் என்றுதான் எனக்குத் தெரியும்.

மோட்டாரில் ஒரு சின்னத் திரை உண்டு. இதே வேகத்தில் போனால் இன்னும் எவ்வளவு தூரம் போகலாம் என்று அது காட்டும். பாதி வழியில் பார்த்தால் போகவேண்டியதைவிடக் குறைவாகக் காட்டியது. பயந்துபோய், தீர்வதற்குள் போய்விடலாம் என்று இன்னும் முறுக்கினேன். எண் இன்னும் வேகமாக இறங்கியது. தண்ணீரைக் கோபமாகத் தள்ளினால் அது அதைவிடக் கோபமாகத் திருப்பித் தள்ளுமாம். வேகத்தைப் பாதியாகக் குறைத்திருந்தால் அதே பேட்டரியில் மூன்று மடங்கு தூரம் போயிருக்கலாம். மெதுவாக ஓட்டுவதற்கென்றே செய்த மோட்டார் அது. வாங்கும்போது அந்தக் கடைக்காரர் சொன்னார். நான் தலையாட்டினேன், காதில் விழவில்லை.

தீவுக்குக் கொஞ்சம் முன்னால் பேட்டரி தீர்ந்துவிட்டது. பாய் தொங்கியது. நீரோட்டம் படகைப் பாறைப் பக்கமாகக் கொண்டுபோக ஆரம்பித்தது. ஆழம் குறைவான இடம் வந்ததும் நங்கூரத்தைப் போட்டேன். முதலில் பிடிக்கவில்லை, இழுபட்டது. இரண்டாவது தடவை பிடித்தது. இழுத்த வேகத்தில் கயிறு உள்ளங்கையைக் கிழித்துவிட்டது, இப்போது ஆறிவிட்டது. அப்புறம் நீரோட்டம் திரும்பும் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். ரேடியோ இருந்தது, கூப்பிட்டால் ஆள் வந்திருக்கும். கூப்பிடவில்லை. கூப்பிடத் தோன்றவே இல்லை அப்பா. ஒரு கடல்நாய் தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டுப் போனது. பசித்தது, பிரெட் தின்றேன். சாயங்காலம் மேற்கிலிருந்து லேசாகக் காற்று வந்தது, பாயை ஏற்றி, வெளிச்சம் இருக்கும்போதே வந்து சேர்ந்துவிட்டேன்.

அங்கே உட்கார்ந்திருந்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. செத்துவிடுவோமோ என்று பயந்தேன். ஆனால் வேறு எங்கேயாவது இருந்திருக்கலாம் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

மூன்றாவது கேள்விக்குப் பதில். ஆஸ்பத்திரியில் ஜனவரியிலேயே இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். படகு அதற்குப் பிறகு வாங்கினது. உங்களிடம் சொல்ல வாய் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் “சாப்டியா” என்று கேட்பீர்கள், நான் சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன்.

நீங்கள் அந்த வீட்டில் எப்படி இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். இடுப்பு வலி என்று நீங்கள் சொன்னதைப் பூங்காவனம் அத்தாச்சி நம்பலாம். அதனால் இதை உங்களிடமே விடுகிறேன். செப்டம்பர் பிறப்பதற்குள் “வா” என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். வேலையை விட்டுவிட்டு, படகை விற்றுவிட்டு வந்துவிடுகிறேன். மனசில் எதையும் வைத்துக்கொள்ள மாட்டேன். சத்தியம்.

தாளின் இரண்டு பக்கமும் எழுதிவிட்டேன்.

உங்கள்,
முத்தமிழ்


வேப்பந்தட்டை,
5.7.2025

முத்தமிழுக்கு,

கடிதம் கிடைத்தது. கைக்கு மருந்து போட்டுக்கொள். மருந்து போடுகிற வேலையில் இருக்கிறவளுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

மற்றதற்குப் பதில் இன்று எழுத முடியாது. இன்று எழுதினால் நல்லபடியாக எழுதமாட்டேன்.

அப்பா


வேப்பந்தட்டை,
3.8.2025

அன்பு மகள் முத்தமிழுக்கு உன் அப்பா எழுதுவது.

போன கடிதத்தை நீ எப்படி எடுத்துக்கொண்டாயோ தெரியாது. போனில் நீயும் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஒரு மாதமாக இரண்டு பேரும் ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம், அது வரைக்கும் தெரியும்.

கோபம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நீ எழுதினதைத் திரும்பத் திரும்பப் படித்ததில் கோபத்தைவிட எனக்கு வேறு ஒன்று பெரிதாகப் பட்டது. செத்துப்போகிற மாதிரி ஒரு இடத்தில் உட்கார்ந்துகொண்டு, வேறு எங்கும் இருக்கத் தோன்றவில்லை என்கிறாய். இது என்ன மாதிரி எண்ணம், நம் குடும்பத்தில் யாருக்கும் இப்படி வந்ததில்லையே என்று யோசித்தேன். யோசித்தும் பிடிபடவில்லை. சரி, போய்த்தான் பார்த்துவிடுவோம் என்று ஒரு காரியம் செய்தேன். சிரிக்காமல் படி. முடியாவிட்டால் சிரித்துக்கொள், ஊரே சிரித்துவிட்டது.

மதுரைவீரனிடம் ஓடாத எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஒன்று கிடந்தது. அதன் மோட்டாரைக் கழற்றி, ஒரு கம்பியில் ஏர்கூலர் விசிறியை மாட்டி, டிராக்டர் பேட்டரியோடு இணைத்துக் கொடுத்தான். அது ஓடும் என்று அவனுக்கே நம்பிக்கை இல்லை. அரும்பாவூர் ஏரியில் மீன் பிடிக்கிற ஒருவரிடம் பரிசலைக் கேட்டு வாங்கினோம். தண்ணீரில் இறங்குகிற நேரம் வந்ததும் மதுரைவீரன் பின்வாங்கிவிட்டான். “மாமா, நான் கரையில நின்னு டெக்னிக்கலா பாத்துக்கறேன், நீங்க ஏறுங்க” என்றான். ஏறினேன். கைப்பிடியைத் திருப்பினேன்.

உன் படகு நீளமாக இருக்கிறது, அதனால் பின்னால் தள்ளினால் முன்னால் போகிறது. பரிசல் வட்டம். ஒரு ஓரத்தில் மோட்டாரை வைத்தால் அது எங்கே போகும்? நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தது. ராட்டினம் மாதிரி சுற்றியது. கரை வந்தது, மலை வந்தது, மதுரைவீரன் வந்தான், மறுபடி கரை வந்தது. எருமை கழுவிக்கொண்டிருந்தவர்கள் எருமையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். அதில் ஒருவர், “பெரியப்பா, எந்த ஊருக்குக் கெளம்பிட்டீங்க?” என்று கேட்டார். என்னால் வாய் திறக்க முடியவில்லை, திறந்தால் காலையில் சாப்பிட்ட இட்லி வந்துவிடும். நீ எழுதியது ஞாபகம் வந்து வேகத்தைக் குறைத்தேன். மெதுவாகச் சுற்றியது. அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் சுற்றிச் சுற்றியே, காற்றும் சேர்ந்து, நடு ஏரிக்குப் போய்விட்டேன். அங்கே ஒயர் கழன்று மோட்டார் நின்றுவிட்டது.

எனக்கு நீச்சல் தெரியும், பரிசல்காரர் எப்படியும் வேறு பரிசலில் வந்து இழுத்துக்கொண்டு போவார் என்றும் தெரியும். அதனால் பயம் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். கரையில் சிரிக்கிறது கேட்டது. சிரிப்பு கேட்கிற தூரம்தான், ஆனால் யாரும் என்னிடம் எதையும் கேட்க முடியாத தூரம்.

அதுதான் பாப்பா எனக்குப் பிடிபட்டது. உன் அம்மா பரிமளா போய்ச்சேர்ந்த பிறகு, நீயும் ரயில் ஏறின பிறகு, என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். டீக்கடையில், ரேஷன் கடையில், சாவு வீட்டில், அன்றைக்கு அரியலூர்க் கல்யாணத்தில். “மக எப்ப வருது?” நானும் மூன்று வருஷமாகச் செப்டம்பர், செப்டம்பர் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நடு ஏரியில் அதைக் கேட்க ஒருவரும் இல்லை. தண்ணீர் பரிசலை லேசாக ஆட்டியது. சூரியன் சுட்டது. கொஞ்ச நேரம் நான் யாருக்கும் அப்பாவாக இல்லாமல், யாரையும் எதிர்பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன். நன்றாக இருந்தது. உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். பரிசல்காரர் வந்து கயிற்றைப் போட்டபோது, இன்னும் கொஞ்ச நேரம் கழித்து வந்திருக்கலாமே என்று தோன்றியது.

உன்னிடமும் அங்கே ஒருவரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை, நான் ஒருவனைத் தவிர.

இப்போது நீ கேட்டதற்குப் பதில். “வா” என்று எழுதி ஒரு கடிதம் ரெடி செய்தேன். ஒரே எழுத்து, எட்டாவது பெயிலானவனுக்கும் வருகிறது. எழுதிவிட்டுப் பார்த்தால் அழகாகத்தான் இருந்தது. உறையில் போட்டு ஒட்டி, வேப்பந்தட்டைத் தபாலாபீஸ் வரைக்கும் போனேன். வாசலில் நின்று நீ வந்துவிட்ட மாதிரி நினைத்துப் பார்த்தேன். நீ சொன்ன சொல் தவறமாட்டாய், வந்துவிடுவாய். காலையில் பெரம்பலூர் பஸ் ஏறுவாய், சாயங்காலம் வருவாய், எனக்குச் சோறு போடுவாய். முகத்தில் ஒன்றையும் காட்டமாட்டாய், அதில் நீ உன் அம்மா. நான் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடவேண்டும். இப்போது நீ அங்கே தனியாக இருக்கிறாய், நான் இங்கே தனியாக இருக்கிறேன். அப்போது இரண்டு பேரும் ஒரே வீட்டுக்குள் தனியாக இருப்போம். அதற்கு இடம் பத்தாது, இது சின்ன வீடு.

அந்தக் கடிதத்தைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன்.

வராதே பாப்பா.

இதைக் கோபத்தில் எழுதவில்லை. கஷ்டமில்லாமலும் எழுதவில்லை, கஷ்டமில்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். காலேஜில் போய்ச் சொல்லிவிட்டேன், வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லி. டீக்கடையில் “மக எப்ப வருது?” என்று கேட்டபோது, “வரல” என்றேன். சொல்லிவிட்டு அங்கேயே நின்றேன், ஏதாவது சொல்வார்கள் என்று. கடைக்காரர், “சீனி போடட்டுமா?” என்றார். அவ்வளவுதான். இத்தனை நாள் நான் பயந்த அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

லீவு கிடைக்கும்போது வா. வந்துவிட்டுப் போ. போகும்போது எத்தனை வருஷம் என்று சொல்லாதே, நானும் கேட்கமாட்டேன்.

ஒரே ஒரு உதவி. இந்தக் கடிதம் கிடைத்ததும் பதில் எழுதிவிடாதே. நீ அன்பாக ஒரு வரி எழுதினால் போதும், நான் மனசு மாறி “வா” என்று எழுதிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் முதலில் படகை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போ. மெதுவாகப் போய்விட்டு, மெதுவாகத் திரும்பி வா. அதற்குள் செப்டம்பர் பிறந்துவிடும். அப்புறம் எழுது.

உன் அப்பா,
செ. செல்லக்கண்ணு